இறைப்பணிக்கு நான் எதைக் கொடுப்பது? மலையகச் சபைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வாலிபர் கூட்டமோ வீட்டு ஜெபமோ முடிந்து பிளேன்டீ குடிக்கிற நேரத்தில், ஒரே மாதிரியான கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கடவுளுக்கு ஏதாவது செய்ய ஆசை இருக்கிறது, எதைக் கொண்டு செய்வது என்று தெரியவில்லை என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. அவற்றுக்குச் சொல்லிவரும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். கத்தோலிக்கர், அங்கிலிக்கன், மெதடிஸ்த, பெந்தெகொஸ்தே என்று பிரிக்கவில்லை. ஒரே லயத்தில், ஒரே கூரைக்குக் கீழான வரிசை வீடுகளில், எல்லாரும்தானே இருக்கிறோம்.

எனக்கென்று ஒரு திறமையும் இல்லை. நான் என்ன சேவை செய்ய முடியும்?

இதைக் கேட்பவர்களில் அதிகம் பேர் பெண்கள். பாடத் தெரியாது, நாலு பேர் முன்னால் பேச வராது, படிப்பும் பாதியில் நின்றுவிட்டது என்பார்கள். திறமை என்றால் மைக் பிடிப்பதும் கீபோர்ட் வாசிப்பதும்தான் என்று நம் சபைகளே அவர்களை நினைக்கவைத்துவிட்டன.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மோசேயைக் கடவுள் அழைத்தபோது, "உன் கையில் இருப்பது என்ன?" என்று கேட்டார். இருந்தது மேய்ப்பனின் கோல். தினமும் பிடித்துப் பழகியது, அதனாலேயே பெரிதாகத் தெரியாதது. உங்கள் கையிலும் அப்படி ஒன்று இருக்கும். சாவு வீட்டில் யாரும் சொல்லாமலே அடுப்படிக்குள் போய், வந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தே தேயிலையும் சீனியும் எவ்வளவு வேண்டும் என்று சொல்லிவிடுகிற அக்காவுக்கு நிர்வாகத் திறமை இருக்கிறது. அவர் அதை அந்தப் பெயரில் நினைத்ததே இல்லை. தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் எத்தனை பிள்ளைகள் ஒன்றாக அழுதாலும் பதறாமல் அமர்த்துகிறவர், ஞாயிறு பாடசாலையின் சின்ன வகுப்புக்கு எந்தப் பட்டதாரியையும்விடப் பொருத்தமானவர். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீடுகளுக்கும் போய் உட்கார்ந்து பேசக்கூடிய ஒருவர் ஒவ்வொரு லயத்திலும் உண்டு. சமாதானம் பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள் என்று இயேசு சொன்னது இவர்களைத்தான்.

கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு மாதத்துக்கு, யார் எதற்காக உங்களைத் தேடி வருகிறார்கள் என்று கவனியுங்கள். கடிதம் வாசிக்கவா, துணி தைக்கவா, மருந்து கொடுக்கவா, மனசில் இருப்பதைச் சொல்லி அழவா? உங்கள் வரத்தை உங்களுக்கு முன்னாலேயே பக்கத்துக் காம்பராக்காரர்கள் கண்டுபிடித்திருப்பார்கள்.

தாலந்து உவமையில் ஒரு தாலந்து வாங்கியவன் திருடவில்லையே, பத்திரமாகத்தானே வைத்தான். அவன் செய்த பிழை என்ன?

உவமை மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பயணம் போகும் எசமான் மூன்று ஊழியக்காரருக்கு ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துகளைக் கொடுக்கிறார். முதல் இருவரும் வியாபாரம் செய்து இரட்டிப்பாக்குகிறார்கள். மூன்றாமவன் நிலத்தைத் தோண்டிப் புதைக்கிறான்.

முதலில், அந்த ஒரு தாலந்து சின்னக் காசு இல்லை. அன்றைய கூலிக்காரனின் ஒருநாள் சம்பளம் ஒரு தெனாரி. ஒரு தாலந்துக்கு ஏறத்தாழ 6,000 தெனாரி. வாரம் ஆறு நாள் வேலை என்று கணக்குப் போட்டால் 20 வருடச் சம்பளம். பேர் கணக்கில், அதாவது நாட்கூலிக் கணக்கில், வாழ்கிற நமக்கு இது சட்டென்று விளங்கும். ஆகக் குறைவாக வாங்கியவன் கையிலேயே அவ்வளவு இருந்தது.

ஏன் புதைத்தான் என்பதை அவனே சொல்கிறான். நீர் கடினமான மனிதர், விதைக்காத இடத்தில் அறுக்கிறவர், அதனால் பயந்தேன் என்கிறான். எசமானைப் பற்றி அவன் மனசில் வைத்திருந்த படம்தான் அவன் கையைக் கட்டிப்போட்டது.

இந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நிற்பேன். தலைமுறை தலைமுறையாக நம் ஆட்கள் துரைக்கும் கங்காணிக்கும் பயந்து வேலை செய்தவர்கள். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், பிந்தி வந்தால் திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பயம் நம் ஜெபத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. கடவுளையும் ஒரு பெரிய துரையாக நினைத்து, பிழைவிட்டால் தண்டிப்பார், அதைவிட ஒன்றும் செய்யாமல் இருப்பது நல்லது என்று ஒதுங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஐந்து சம்பாதித்தவனுக்கும் இரண்டு சம்பாதித்தவனுக்கும் எசமான் சொன்ன பாராட்டு சொல்லுக்குச் சொல் ஒன்றுதான். இரண்டு கொண்டுவந்தவனிடம் மிச்சம் மூன்று எங்கே என்று அவர் கேட்கவில்லை. நிறுவைத் தராசு பிடித்துக்கொண்டு நிற்கிற கடவுள் இல்லை அவர். இது மனசில் இறங்காதவரை எந்தப் பயிற்சி வகுப்பு வைத்தாலும் பிரயோசனம் இல்லை.

மனம் இருக்கிறது, திறமை போதாது. நன்றாகப் பழகிவிட்டு வரட்டுமா?

வேண்டாம், இப்போதே வாருங்கள். வந்துகொண்டே பழகுங்கள்.

இரண்டும் சேர்ந்து போகவேண்டியவை. வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடாரம் செய்தபோது, கடவுள் பெசலெயேலுக்குத் தச்சு, கல் வேலை, உலோக வேலை எல்லாவற்றிலும் ஞானம் கொடுத்தார், அகோலியாபைத் துணைக்கு வைத்தார் என்று யாத்திராகமம் சொல்கிறது. அவர்களுக்குப் பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் மனமும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. அதே கதையில், நெசவு தெரிந்த பெண்கள் தங்கள் கையாலேயே நூல் நூற்றுக் கொண்டுவந்தார்கள். மனம் ஏவப்பட்ட ஜனங்கள் கொண்டுவந்தது அளவுக்கு மிஞ்சிப்போய், இனிக் கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயம் முழுக்கச் சொல்லியனுப்ப வேண்டியதாயிற்று. கைதேர்ந்தவர்கள் வேலையை நடத்தினார்கள், மனம் உள்ளவர்கள் நிரப்பினார்கள்.

ஆனால் "மனம் இருந்தால் போதும், கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று ஒத்திகைக்கே வராமல் நேரே வந்து நிற்பதையும் நான் ஏற்கமாட்டேன். தாவீதின் காலத்தில் கர்த்தருக்குப் பாடக் கற்றுத் தேர்ந்தவர்கள் 288 பேர் என்று நாளாகமம் எண்ணிச் சொல்கிறது. கற்றார்கள் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. உண்மையான விருப்பம் பயிற்சியில் தெரிந்துவிடும். வாரம் முழுக்க கிடாரைத் தொடாதவருக்கு ஞாயிறு காலையில் மட்டும் வருகிற ஆர்வத்தை நம்பி ஒரு ஆராதனையை ஒப்படைக்க முடியாது.

திறமை இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் செய்ய மனம் வரவில்லை.

முதலில் ஏன் என்று பாருங்கள். சிலர் களைத்துப்போயிருப்பார்கள். அவர்களுக்குத் தேவை ஓய்வு, உபதேசம் வேண்டாம். சிலருக்குச் சபையில் ஒரு காயம் பட்டிருக்கும். அதைப் பேசித் தீர்க்காமல் "ஊழியத்துக்கு வா" என்று இழுப்பது அநியாயம். இரண்டும் இல்லை, வெறும் சோம்பல்தான் என்றால் திகதி போட்ட ஒரு சின்ன வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் முதல் ஞாயிறு இரண்டாம் வாசகம் என்னுடையது என்று. மனம் பல நேரம் கைக்குப் பின்னால்தான் வருகிறது.

காலையில் பிரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு), மலையில் கொழுந்து, சாயந்திரம் தண்ணீர், விறகு, சமையல். எனக்கு நேரம் எங்கே?

இதைக் கேட்கும் அக்காமாரிடம், உங்கள் வீட்டு வேலையும் சேவைதான் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது உண்மைதான். ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்துவது அவர்கள் பாரத்தைக் கண்டும் காணாமல் போவது.

நேரம் அவர்களுக்கு இல்லை என்றால், நேரம் இருக்கிறவர்கள் யார் என்று சபை பார்க்க வேண்டும். பெண்கள் பாடகர் குழு ஒத்திகைக்கு வருகிற நாளில் வீட்டில் ரொட்டி சுடுவதும் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும் அப்பாவின் வேலையாக இருக்கட்டும். அதுவும் இறைப்பணிதான், அதற்கும் பழக்கம் வேண்டும். கொழுந்து நிறைய வருகிற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்கு, அதாவது பறித்த கிலோவுக்குக் கிடைக்கும் காசுக்கு, மலைக்குப் போவார்கள். அந்த மாதங்களில் ஆராதனையைச் சாயந்திரத்துக்கு மாற்றலாம், கூட்டங்களைப் பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் வைக்கலாம். மலையேறிப் பத்து வீட்டு ஜெபத்துக்கும் ஒரே பெண் போகவேண்டியதில்லை. மோசே காலையிலிருந்து சாயந்திரம் வரை தனியாக நியாயம் விசாரித்ததைப் பார்த்த மாமனார் எத்திரோ, நீ செய்வது நல்லதல்ல, நீயும் களைத்துப்போவாய், ஜனங்களும் களைத்துப்போவார்கள் என்றார். நம் சபைகளில் இதைச் சொல்ல ஒரு மாமனார் தேவைப்படுகிறார்.

உங்களால் வாரத்தில் அரை மணி நேரம்தான் முடியும் என்றால் அதைச் சொல்லிவிடுங்கள். ஒருவருக்கு மனவிருப்பம் இருந்தால், அவரிடம் இல்லாததை வைத்து அல்ல, இருப்பதை வைத்தே அது ஏற்கப்படும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார்.

பாட்டும் வாத்தியமும் கற்க ஆசை. தோட்டத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லையே?

பாடசாலையில் சங்கீதம் ஒரு பாடமாக இருந்தால் அதை விடாதீர்கள். அதைப் பாஸ் பண்ணுவதற்கான பாடம் என்று மட்டும் பார்க்கவேண்டாம். வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை நடத்துகிறது. அருகில் உள்ள டவுனில் அதற்குத் தயார்படுத்தும் ஆசிரியர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இரண்டு மூன்று தோட்டத்துப் பிள்ளைகள் சேர்ந்தால் பஸ் காசையும் வகுப்புக் காசையும் சபை பொறுப்பெடுக்கலாம். ஒலிபெருக்கி வாங்கும் காசில் ஒரு பகுதி போதும்.

வீட்டிலே செய்யக்கூடியது: தினமும் கொஞ்ச நேரம், ஒரே நேரத்தில். ஒரு கீர்த்தனையை எடுத்து, சுருதியைப் போனில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக. பாடியதைப் பதிவுசெய்து கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனால் அதைவிடக் கண்டிப்பான வாத்தியார் கிடையாது. யூடியூபைப் பார்த்துக் கீபோர்ட் பழகுகிறவர்கள் ஒரு பாட்டை முழுதாக முடிக்காமல் அடுத்ததற்குத் தாவவேண்டாம்.

நாம் பாடுகிற பழைய கீர்த்தனைகள் பலவற்றை எழுதிய தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) சிறுவயதிலேயே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் போய்ப் படித்தவர். அவரைக் கூட்டிப்போய் வளர்க்க ஒருவருக்கு மனம் இருந்தது. நம் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.

நான் தப்புப் பறை அடிப்பவன். ஆலயத்தில் எனக்கு இடம் உண்டா?

உண்டு. இருக்கவேண்டும்.

இந்தக் கேள்வியைக் கேட்ட தம்பி தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்டான். அதற்குக் காரணம் நமக்கெல்லாம் தெரியும். தப்பை ஒரு சாதியோடும் சாவோடும் கட்டிவைத்து, அதை அடிக்கிறவனையும் ஒதுக்கிவைத்தோம். விடியற்காலையில் ஜனங்களைப் பிரட்டுக்கு எழுப்பியது தப்பின் சத்தம்தான். காமன் கூத்தில் அடிக்கிறார்கள், திருவிழாவில் அடிக்கிறார்கள். ஊர்வலம், போராட்டம் எதுவும் இன்று தப்பு இல்லாமல் கிடையாது. மலையகத்தின் நெஞ்சுத் துடிப்பு மாதிரி இருக்கிற ஒரு வாத்தியம் ஆலய வாசலோடு நின்றுவிடவேண்டும் என்று எந்த வசனம் சொல்கிறது? 150ஆம் சங்கீதம் எக்காளம், வீணை, யாழ், தாளம் என்று அடுக்கிக்கொண்டே போகிறது, தோல் வாத்தியத்தையும் விடவில்லை. கத்தோலிக்கருக்கு இன்னும் தெளிவாகச் சொல்லலாம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட வழிபாடு பற்றிய ஏடு, மக்களின் சொந்த இசை மரபுக்கு மதிப்பும் உரிய இடமும் கொடுக்கவேண்டும் என்கிறது.

நடைமுறைக்கு இரண்டு விஷயம். தப்பின் சத்தம் மூடிய கட்டடத்துக்குள் பாட்டை விழுங்கிவிடும். அதனால் பவனிக்கும் காணிக்கை வேளைக்கும் முதலில் பயன்படுத்துங்கள், பாட்டுக்கு மெல்ல அடிக்கப் பழகுங்கள். அப்புறம், வாத்தியத்தை உள்ளே எடுத்துவிட்டு அடிக்கிறவரை வெளித் திண்ணையில் சாப்பிட வைக்கிற சபை, வாத்தியத்தையும் எடுக்காமலே இருக்கட்டும்.

வேதபாடம் வாசிக்கும்போது குரல் நடுங்குகிறது.

முதல்நாள் இரவே வீட்டில் சத்தமாக, நின்றுகொண்டு வாசியுங்கள். கடினமான பெயர்களைத் தனியாகச் சொல்லிப் பாருங்கள். ஆலயத்தில் கடைசி வாங்கில் இருக்கும் பாட்டியைப் பார்த்து, அவருக்குக் கேட்கிற மாதிரி வாசியுங்கள். மோசேக்குத் திக்குவாய், ஆரோனைத் துணைக்கு அனுப்பினார் கடவுள். துணைக்கு ஒருவர் பக்கத்தில் நின்றால் வெட்கமில்லை.

படித்துவிட்டுக் கொழும்பில் வேலை செய்கிறேன். தோட்டத்துச் சபைக்கு என்னால் என்ன முடியும்?

காசு அனுப்புங்கள், நல்லதுதான். ஆனால் காசைவிட உங்களிடம் இருப்பது தோட்டத்தில் கிடைக்காத அறிவு. கணிதம், விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் உயர் தரத்தில் அந்தப் பிரிவுகளையே நினைத்துப் பார்க்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வரும்போது சபை மண்டபத்தில் வகுப்பு வையுங்கள். வரமுடியாத வாரங்களில் போனில் நடத்துங்கள். சர்ச்சுக்கு வருகிற பிள்ளைகள், வராத பிள்ளைகள் என்று பிரிக்காமல் எல்லாரையும் கூப்பிடுங்கள்.

கொழும்பில் சிங்களம் நன்றாகப் பழகியிருப்பீர்கள். அதுவும் ஒரு தாலந்து. தமிழ் 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு அரச கரும மொழியானது. இருந்தும் தோட்டத்துக்குச் சிங்களத்தில் மட்டும் கடிதம் வருகிறது, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்து வைக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக விழுந்து, ஓய்வூதியப் பணம் எடுக்கப் போகும்போது அலைகிறார்கள். மாதம் ஒருமுறை ஆலய வராந்தாவில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, கடிதம் வாசித்துச் சொல்லி, படிவம் நிரப்பிக் கொடுத்தால் அதைவிடப் பெரிய பிரசங்கம் என்ன?

ஆலயத்துக்கு வெளியே செய்வதும் கடவுள் சேவையா?

யோப்பாவில் தபீத்தாள் என்ற சீஷி இறந்தபோது, விதவைகள் அழுதுகொண்டே அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளைப் பேதுருவுக்குக் காட்டினார்கள். அவள் பிரசங்கித்ததாக அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு வரி கூட இல்லை. ஊசியும் நூலும்தான்.

2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்த தோட்டத்து லயங்கள் மண்சரிவில் புதைந்தன. உயிர் தப்பியவர்களைப் பாடசாலைகளில் தங்கவைத்தார்கள். அப்படியான நேரத்தில் யாருக்கு என்ன வரம் என்று பட்டியல் போடவேண்டியதில்லை. பெரிய தாச்சியில் சமைக்கத் தெரிந்தவர், லொறி ஓட்டத் தெரிந்தவர், பெயர் விபரம் எழுதத் தெரிந்தவர், பிள்ளையை இழந்த தாயின் பக்கத்தில் பேசாமல் உட்காரத் தெரிந்தவர் எல்லாரும் தேவை. மழைக்காலம் ஒவ்வொரு வருடமும் வருகிறது. முதலுதவி பழகிய நான்கு வாலிபர்கள் ஒவ்வொரு சபையிலும் இருக்கவேண்டும் என்று நான் விடாமல் சொல்லிவருவது இதனால்தான்.

இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கினார். படிப்பையும் எழுத்தையும் தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காகவும் இனங்களுக்கிடையிலான நல்லுறவுக்காகவும் செலவிட்டார். அதையும் அவர் தன் குருத்துவத்துக்குள்தான் வைத்திருந்தார்.

எங்கள் வீட்டில் பாதிப்பேர் இந்துக்கள். அவர்களோடு சேர்ந்து செய்யலாமா?

தாராளமாக. சிரமதானத்துக்கும் இரத்ததானத்துக்கும் மதம் கேட்கவேண்டியதில்லை. அப்பர் சுவாமிகள் கையில் உழவாரம் பிடித்துக் கோயில் கோயிலாகப் புல் செதுக்கியவர். பாடல் பாடிய அதே கை. மண்வெட்டி பிடித்த கையும் இறைவனுக்கு உரியது என்று அவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

செய்யச் செய்யப் பெருமை வந்துவிடுகிறது. என்ன செய்வது?

உங்கள் இடத்தை எடுக்கக்கூடிய ஒரு தம்பியையோ தங்கச்சியையோ பழக்கத் தொடங்குங்கள். அவர்கள் உங்களைவிட நன்றாகச் செய்யும் நாளில் உங்கள் மனம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

எனக்கு வயதாகிவிட்டது. கண்ணும் சரியாகத் தெரிவதில்லை. இனி என்ன ஊழியம்?

எருசலேம் ஆலயத்தில் குழந்தை இயேசுவைக் கண்டு, மீட்புக்குக் காத்திருந்த எல்லாருக்கும் அவரைப் பற்றிச் சொன்ன அன்னாளுக்கு வயது 84 என்று லூக்கா எழுதுகிறார். எங்களுக்காக ஜெபியுங்கள் என்று மட்டும் நான் சொல்லமாட்டேன், அதை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருப்பீர்கள். இப்போது யாரும் பாடாத ராகத்தில் கீர்த்தனைகள் உங்களுக்குத் தெரியும். இந்த ஆலயத்துக்குக் கல் சுமந்தவர்கள் யார், முதல் ஞானஸ்நானம் யாருக்கு, எந்த வருடம் எந்த லயத்தை உடைத்தார்கள் என்பதெல்லாம் உங்கள் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. பேரப்பிள்ளையை ஒரு மத்தியானம் போனோடு பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். ஒரு பாட்டு, ஒரு கதை, அவ்வளவு போதும். ஒவ்வொரு பதிவிலும் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் திகதியையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளையிடம் சொல்லி அதை சபைக் காரியதரிசிக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள், போன் தொலைந்தாலும் பாட்டு தொலையாது.